லெட்சுமிக்கு முன்னால் ஒரு சொல்

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. அதனால் குறுக்கே பேச முடியாது. புத்திமதி சொல்ல இதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்க்கப் போவதில்லை. எனக்கு இப்போது பதினாறு வயது. உன் அப்பா யார் என்று எனக்குத் தெரியாது. இதைப் படிக்கும்போது உனக்குத் தெரிந்திருக்கும், ஆகவே அந்த ஒரு விஷயத்தில் நீ என்னைவிட மூத்தவன். ஆள் எப்படி, உயரமா, குறட்டை விடுவாரா, என் பேச்சைத் தாங்குகிறாரா என்றெல்லாம் கேட்க ஆசைதான், ஆனால் பதில் வர ரொம்ப நாளாகும். ஒருவேளை நீ மகளாகப் பிறந்திருந்தால் கோபித்துக்கொள்ளாதே. 'மகனே' என்று ஆரம்பித்தால் கடிதம் கொஞ்சம் கனமாக இருக்கிறது, வேறு காரணம் இல்லை.

நாளைக் காலை எங்கள் மலை ஊர் தானா ராத்தாவிலிருந்து அடிவாரத்துத் தாப்பாவுக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ஈப்போ டவுனுக்குப் போகிறேன். ஹாஸ்டலில் தங்கிப் படிக்க. வெளியே மழை. அம்மா, அதாவது உன் பாட்டி, என் தகரப் பெட்டிக்குள் முறுக்கு டப்பாவைத் திணிப்பதும் நான் அதை எடுத்து வெளியே வைப்பதுமாக மத்தியானம் போய்க்கொண்டிருக்கிறது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கும் மிசினுக்குப் பக்கத்தில் நிற்பவர், கையெழுத்து மட்டும் போடுவார். இவர்கள் இருவரும் எனக்கு எத்தனையோ புத்தி சொல்லியிருக்கிறார்கள், எல்லாம் வாசலில் நின்று கத்தினது. மழை வந்தால் பாதி கேட்காது. கடிதமாக ஒன்றுமில்லை. அதனால்தான் இந்த யோசனை. எனக்குக் கிடைக்காதது உனக்காவது இருக்கட்டும், அதுவும் முன்கூட்டியே. பெட்டிக்கு அடியில் போட்டு வைக்கிறேன். அம்மா சொல்கிறேன், கேள். (இந்த வரியை எழுதும்போது என்ன சுகம் தெரியுமா!)

முதலில் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பேர் எப்படி வைப்பார்கள் என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். பிறந்ததும் வைக்கிற பேரைச் சொல்லவில்லை. அது சாமி பேர், எல்லாருக்கும் ஒரே சாமிதான் கிடைக்கிறது. நான் சொல்வது இரண்டாவது பேர். வேலைக்குச் சேரும் நாளில் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி, செக்ரோல் என்கிற ஆள் கணக்குப் புத்தகத்தில் பேரைப் பதிவார். ஏற்கெனவே அதே பேரில் ஒருத்தி இருந்தால், பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, ஆளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்து, பேருக்கு முன்னால் ஒரு சொல்லைப் போடுவார். கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். அதற்கப்புறம் காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போதும், சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போதும், கோயில் திருவிழாவிலும், கருமாதியிலும் அதுதான் பேர். நெட்டை லெட்சுமி இருக்கிறாள். கோவக்கார லெட்சுமி இருக்கிறாள். புது லெட்சுமி இருக்கிறாள். சின்ன லெட்சுமி இருக்கிறாள். அவள் சேரும்போது ஒல்லியான சின்னப் பெண்ணாம், இன்றைக்கு நிறுவைக் கொட்டகை வாசலில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவாள், ஆனாலும் சின்ன லெட்சுமி. இத்தனை லெட்சுமி இருந்தும் ஒரு வீட்டிலாவது ஐசுவரியம் எட்டிப் பார்த்ததா என்றால், அது வேற கதை.

ஆம்பளைகளும் தப்பவில்லை. கிருஷ்ணன் என்று ஒருவர், வாலிபத்தில் தோட்டத்தை விட்டு ஓடிப்போய், பசி தாங்காமல் ஒரு வாரத்தில் திரும்பி வந்தவர். இன்றைக்கு அவருக்குப் பேரப்பிள்ளை இருக்கிறது. ஒரு நாள்கூட லீவு போடமாட்டார். தினமும் காலையில் பனிக்குள்ளே கங்காணி குரல் கொடுப்பார்: "ஓடிப்போன கிருஷ்ணன்!" உடனே பதில் வரும்: "இருக்கேன்!" எனக்கு விவரம் தெரிந்த நாளாக இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இந்த வருஷம்தான் சிரிப்பு நின்றது.

ஏனென்றால் நானும் லெட்சுமி. வீட்டில் பாப்பா என்பதால் இதுவரை யாருக்கும் இடைஞ்சல் இல்லை. மூன்றாம் பாரம் முடிந்தது. தோட்டத்துப் பிள்ளைகளில் சிலரை நாலாம் பாரத்துக்கு எடுத்து, ஹாஸ்டலில் வைத்துப் படிக்க வைக்கிற பள்ளிக்கூடம் ஈப்போவில் ஒன்று இருக்கிறது, நுழைவுப் பரீட்சை எழுதினால் போகலாம் என்று எங்கள் இங்கிலீஷ் டீச்சர் சொன்னார். அப்பா, "எழுது. பாஸானா போ. இல்லேன்னா கங்காணிகிட்ட பேரைப் பதிஞ்சிடுவோம்" என்றார். பாஸ் ஆனால் பாசம், பெயில் ஆனால் பேர்ப்பதிவு என்று நான் அடுப்படியில் பாடினேன், அம்மா கரண்டியால் ஒன்று வைத்தாள். மறுநாள் கங்காணி லயத்துப் பக்கம் வந்தவர் என்னைப் பார்த்து, "என்ன பாப்பா, பரீட்சையாமே? எனக்குக் கவலையில்ல. ஏற்கெனவே நாலு லெட்சுமி இருக்கு. நீ பாஸானா உன்னைப் பதியவே வேணாம். பெயிலானா பெயில் லெட்சுமி. பென்சில் ரெடிலா!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். குடத்தில் தண்ணீர் பிடித்து வீட்டுக்கு வருகிறவரைக்கும் அந்தப் பேர் என் பின்னாலேயே வந்தது. ஐம்பது வயதில், நரைத்த தலையோடு, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு பனியில் நிற்கிறேன், "பெயில் லெட்சுமி!" "இருக்கேன்!" மகனே, வேலைக்கு நான் பயப்படவில்லை. உன் பாட்டி செய்கிற வேலைதான் அது, லீவில் நானும் கூடப் போய்ப் பறித்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்குத்தான் பயந்தேன்.

பரீட்சையில் மலாய்க்குக் கவலையில்லை, கணக்கு எப்படியோ ஓடும். இங்கிலீஷ்தான் காலை வாரும். டீச்சர் கொடுத்த பழைய கேள்வித்தாளில் ஒரு பக்கம் முழுக்க ஆளையும் பொருளையும் வர்ணிக்கிற சொற்கள். ஒவ்வொன்றுக்கும் அதே அர்த்தம் வருகிற வேறு சொல் எழுத வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் போதாதாம், மூன்று நான்கு தெரிந்திருக்க வேண்டுமாம். உட்கார்ந்து படித்தேன். காலையில் படித்தது கொழுந்து லோரி போவதற்குள் போய்விட்டது. ஒரு நாள் அம்மாவோடு மலையில் நிற்கும்போது நெட்டை லெட்சுமி அக்கா மேல் வரிசையில் ஏறிக்கொண்டிருந்தாள். நான் சும்மா கூப்பிட்டேன்: "ஏ டால் லெட்சுமி! லாஃப்டி லெட்சுமி! டவரிங் லெட்சுமி!" அவள் திரும்பி, "எவடி அவ, என்னைத் திட்டுறது?" என்றாள். மறுநாள் காலையில் மூன்று சொல்லும் அப்படியே நாக்கில் இருந்தன. அட, மருந்து கிடைத்துவிட்டது!

அன்றிலிருந்து நாலு லெட்சுமிகளும் என் பாடப்புத்தகம். ஆனால் உன் அம்மா நேர்வழியில் போகிறவள் இல்லை. அர்த்தத்தைச் சொன்னால் ருசி போய்விடும் என்று ஒவ்வொருத்திக்கும் சர்க்கரை தடவிக் கொடுத்தேன். டைனி என்றால் இங்கிலாந்தில் மகாராணியைச் சொல்வது என்று சின்ன லெட்சுமி அக்காவிடம் சொன்னேன். ஃபியூரியஸ் என்றால் போலீஸ் பெரிய அதிகாரி என்று கோவக்கார லெட்சுமி அக்காவிடம் சொன்னேன், அவள் முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே, "ஏ மகாராணி டைனி, உன் பக்கம் கொழுந்து முத்திப்போச்சு பாரு" என்று கத்திக்கொள்வார்கள். எனக்குத் தேவை அதுதான், ஒரு நாளைக்கு நூறு தடவை என் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

புது லெட்சுமி அக்காவிடம் மட்டும் அந்த விளையாட்டு ஓடவில்லை. நான் பிறப்பதற்கு முந்தின வருஷம் கீழே சுங்கை ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி மேலே வந்தவள். அன்றைக்குப் புதுசு. அதனால் புது லெட்சுமி. அவளுடைய மூத்த மகனுக்கே மீசை அரும்பிவிட்டது. இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் படுதா, காலில் பெரிய பூட்ஸ், நெற்றியில் கூடைக் கயிற்றின் தழும்பு. அவள் கை நிற்காமல் பறித்துக்கொண்டே கேட்டாள்:

"எனக்கு என்னடி வச்சிருக்க?"

"நாலு இருக்குக்கா. நியூ, ஃபிரெஷ், ரீசன்ட், மாடர்ன்."

"ஒவ்வொண்ணா சொல்லு. பொய் சொல்லாம."

எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இன்றுவரை தெரியவில்லை. உள்ளதைச் சொன்னேன். ஃபிரெஷ் என்றால் வாடாதது. ரீசன்ட் என்றால் இப்போதுதான் வந்தது. மாடர்ன் என்றால் இந்தக் காலத்து ஆள்.

"இந்தக் காலத்து ஆளா? என்னைப் பாத்தா அப்படியா இருக்கு?" என்று பூட்ஸைத் தூக்கிக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் இன்னொரு பிடி கொழுந்தைக் கூடையில் எறிந்துவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்: "சரி, ஒண்ணு எப்ப வரைக்கும் புதுசு? எந்த நாள்ல இருந்து அது பழசுன்னு உன் புஸ்தகத்துல போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. இவ்வளவு பெரிய மொழியில் புதுசுக்கு நாலு சொல் வைத்தவர்கள், அது எப்போது முடியும் என்று ஏன் சொல்லவில்லை?

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் வினை வந்தது. அதை வரவழைத்தவள் நான்தான் என்றாலும் அந்த அக்காக்களும் கூட்டு. சாயங்காலம் நிறுவைக் கொட்டகையில் கிராணி பேர் படித்துக் கூப்பிடக் கூப்பிடக் கூடையைக் கொண்டுபோய்த் தராசில் மாட்ட வேண்டும். தோட்ட ஆபீஸ் கணக்கெல்லாம் அந்தக் கிராணி கையில். பேசும்போது முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தே பேசுவார். அவர், "சின்ன லெட்சுமி!" என்றார். அக்கா அசையவில்லை. "சின்ன லெட்சுமி! செவிடா?" அக்கா கையைக் கட்டிக்கொண்டு, "டைனி லெட்சுமின்னு கூப்புடுங்க கிராணி, வர்றேன்" என்றாள்.

கிராணி முதல் முறையாகக் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். அக்காவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "டைனின்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"மகாராணி."

அவர் அர்த்தத்தைச் சொன்னார். கொட்டகை குலுங்கியது. சின்ன லெட்சுமி அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் தேயிலை மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தேன். "அப்ப ஃபியூரியஸு?" என்று கோவக்கார லெட்சுமி அக்கா கேட்டாள். கோபக்காரி என்றார் கிராணி. அவள், "அதைத்தானே இந்தக் கங்காணி தமிழ்ல தினமும் கத்துறான். இங்கிலீஷ்ல கொஞ்சம் நல்லாத்தான் இருக்கு, இருக்கட்டும்" என்றாள். அதற்கும் சிரிப்பு. கிராணி மட்டும் சிரிக்கவில்லை. "என் தராசுகிட்ட எவ இங்கிலீஷ் கிளாஸ் நடத்துறது?" என்றார். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. அவசியமும் இல்லை, எல்லாருடைய கண்ணும் அந்த மூட்டைப் பக்கம்தான் இருந்தது.

இதிலே சங்கடம் என்னவென்றால், நான் தோட்டத்துப் பிள்ளை என்று ஆபீஸ் ஒரு சான்றுக் காகிதம் கொடுத்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். கிராணி கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் அப்பாவையும் என்னையும் ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அப்பா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தொழிற்சாலைத் தூசியைத் தட்டிவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி ஆபீஸ் மேசைக்கு முன்னால் நின்றார். போகும் வழியில் ஒன்றுதான் சொன்னார்: "பாப்பா, இன்னிக்கு ஒரு நாளைக்கு வாயை வீட்ல வச்சிட்டு வந்திருக்கலாம்."

சான்றுக் காகிதம் மேசைமேல் எழுதி ரெடியாக இருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை. கிராணி பேனா மூடியைத் திருகிக்கொண்டே, "எல்லாருக்கும் இங்கிலீஷ்ல பேரு வச்சிருக்கியாமே?" என்றார்.

"பரீட்சைக்குப் படிக்க சார்."

"எனக்கு என்ன?"

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை உனக்கு எப்படி எழுதுவது? ஒரு ஆள் பேசாமலே காலில் விழுகிற மாதிரி. லயத்தில் அவருக்குச் சிடுசிடு கிராணி என்று பேர், அதற்கு ஏற்ற சொல்லைத்தான் நான் வைத்திருந்தேன். பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். ஆனால் அவர் குரலில் ஏதோ ஒன்று, புது லெட்சுமி அக்கா கேட்ட மாதிரியே இருந்தது. தண்டனைக்காகக் கேட்கவில்லை, தன்னை ஊர் என்ன சொல்கிறது என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. மகனே, இதைக் கவனி. பெரியவர்கள் கோபமாகக் கேட்கிற கேள்விகளில் பாதி, அவர்களுக்கே விடை தெரியாமல் கேட்பவை.

"மூணு இருக்கு சார். ஸ்டெர்ன்."

"ம்."

"ஸ்ட்ரிக்ட்."

முகத்தில் லேசாக ஒரு திருப்தி. "மூணாவது?"

"அது பரீட்சைக்கு வராதுன்னு நினைக்கிறேன் சார்."

"சொல்லு."

"சர்லி."

அவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. அலமாரியிலிருந்து அகராதியை எடுத்தார். விரல் பக்கத்தில் மேலிருந்து கீழே இறங்கியது, நின்றது. படித்தார். இன்னொரு முறை படித்தார். புத்தகத்தை மூடிவிட்டு, என்னிடம் கேட்காமல் அப்பாவிடம் கேட்டார்: "ஏம்ப்பா ராமையா, நான் எப்பவும் எரிஞ்சு விழுறேனா?"

அப்பா மிசினுக்குப் பக்கத்தில் நின்று நின்று பேச்சையே மறந்தவர். தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "காலையில மட்டும்தான் ஐயா" என்றார்.

கிராணியின் வயிறு முதலில் ஆடியது, சிரிப்பு பின்னால் வந்தது. அப்படி ஒரு சிரிப்பு அந்த ஆளுக்குள் இருந்ததே யாருக்கும் தெரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "போய் எழுது. இது மட்டும் வந்துச்சுன்னா என்னை நினைச்சுக்க" என்றார். வெளியே வந்ததும் நான் அப்பாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். என் வாய் யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் அதை இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தார்? உனக்கு என்னிடமிருந்து எது வரும் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பது இதனால்தான்.

பரீட்சைக்கு ஈப்போ போனது ஒரு தனிக் கதை. தாப்பாவுக்கு இறங்குகிற வளைவுகளில் என் தைரியம், காலையில் தின்ற தோசை, இரண்டும் வெளியே வந்துவிட்டன. புது லெட்சுமி அக்கா முந்தின நாளே இஞ்சித் துண்டு கொடுத்து, "ஏறினதும் வாயில அடக்கிக்க" என்று சொல்லியிருந்தாள். நான்தான் பெரிய மனுஷி என்று பாக்கெட்டிலேயே வைத்திருந்தேன். யாராவது இஞ்சி கொடுத்தால் உடனே வாயில் போடு, அம்மா சொல்கிறேன்.

ஹாலில் கேள்வித்தாளைத் திருப்பினேன். அந்தப் பக்கம் வந்தது. ஒவ்வொரு சொல்லைப் படிக்கும்போதும் ஒரு லெட்சுமி எழுந்து நின்றாள். உயரத்துக்கு ஒருத்தி, கோபத்துக்கு ஒருத்தி, சின்னதுக்குக் கொட்டகை நிறைய ஒருத்தி. சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினேன். கண்டிப்பு என்று ஒன்று வந்தது; கிராணி வயிற்றைக் குலுக்கிக்கொண்டு வந்து இரண்டு சொல் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். ஜெனரஸ். அர்த்தம் தெரியும்: தாராளமாகக் கொடுக்கிற மனசு. அதற்கு இன்னொரு சொல் வேண்டும். யார் முகமும் வரவில்லை. நெட்டை உண்டு, குட்டை உண்டு, கறுப்பு, செவப்பு, கோவம், ஓடிப்போனது எல்லாம் உண்டு. நல்ல குணத்துக்கு எங்கள் செக்ரோலில் யாருக்கும் பேர் வைக்கவில்லை. கங்காணியின் பென்சில் கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுதும், கண்ணுக்குத் தெரியாததற்கு அவருக்கு நேரம் ஏது? அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். மணி அடித்தது.

பிறகு காத்திருந்த நாட்களைப் பற்றி எழுதமாட்டேன். பெரட்டுக் களத்தைத் தாண்டும்போதெல்லாம் கங்காணி காதில் இருந்த பென்சிலைத் தடவிக் காட்டுவார். அவருக்கு அது விளையாட்டு. நானும் நாக்கைத் துருத்திக் காட்டுவேன். அம்மா ஒன்றும் கேட்காமல், தன் பழைய கூடையின் கயிற்றைப் புதுசாக மாற்றிக் கொல்லையில் மாட்டி வைத்தாள். யாருக்கு என்று நானும் கேட்கவில்லை.

போன வாரம் கொழுந்து நிறுக்கும்போது கிராணி பேர் படித்துக்கொண்டே வந்தார். எல்லாப் பேரும் முடிந்தது. புத்தகத்தை மூடாமல் இன்னொரு பேர் படித்தார்: "ஈப்போ லெட்சுமி!" யாருக்கும் புரியவில்லை. "ஈப்போ லெட்சுமி, எங்க அவ? மூட்டைக்குப் பின்னாலயா?" என்று சட்டைப் பையிலிருந்து பரீட்சை முடிவுக் காகிதத்தை எடுத்து ஆட்டினார். சின்ன லெட்சுமி அக்கா என்னைத் தூக்கித் தராசில் உட்காரவைத்தாள். டைனிக்கு அவ்வளவு பலம்! அம்மா அழுதாள். அப்பாவுக்குச் சேதி போனபோது மிசின் ஓடிக்கொண்டிருந்ததாம். அவர் தலையை ஆட்டிவிட்டு, சலித்து முடித்துத்தான் வந்தாராம்.

இன்று காலை எல்லாரிடமும் சொல்லிக்கொள்ளப் பெரட்டுக்குப் போனேன். பனி இன்னும் எழவில்லை, ஆட்கள் பாதி உருவமாக நின்றார்கள். கங்காணி படித்தார். ஓடிப்போன கிருஷ்ணன், இருக்கேன். நெட்டை லெட்சுமி, இருக்கேன். "புது லெட்சுமி!" பதில் இல்லை. "புது லெட்சுமி!" அவள் முன்வரிசையிலேயே நிற்கிறாள், வாய் திறக்கவில்லை. கங்காணி டார்ச்சை அவள் முகத்தில் அடித்தார்.

"ஆள் நிக்கிறே, வாய் எங்க போச்சு?"

"அந்தப் பேரு நாளைக்கு ஈப்போ போவுது கங்காணி."

"என்ன?"

"பாப்பா போற எடத்துல அவதானே புதுசு. அவகிட்ட குடுத்திட்டேன். எனக்குப் போதும்."

எனக்கே அப்போதுதான் தெரியும், என்னிடம் கொடுத்துவிட்டாள் என்று. கங்காணி சிரிக்கலாமா கத்தலாமா என்று தெரியாமல் நின்றார். "செக்ரோல்ல ஏறினா ஏறினதுதான். இப்ப உனக்கு நான் என்ன போட?"

"ஒண்ணும் போட வேணாம். வெறும் லெட்சுமி."

கங்காணி பென்சிலை எச்சில் தொட்டு, "வெறும் லெட்சுமின்னே எழுதிடவா?" என்றார். நிஜமாகவே கேட்டார், பாவம். களமே சிரித்தது. ஓடிப்போன கிருஷ்ணன் சிரித்துச் சிரித்து இருமினார். ஆனால் அவள் விடவில்லை. "ஒண்ணும் எழுதாதன்னு சொன்னேன். முன்னாடி இருக்கிறதை அழி. பேரு இருக்கும்ல, அது போதும்." கங்காணி பென்சிலைத் திருப்பி, பின்பக்க ரப்பரால் தேய்த்து, ஊதினார். பதினேழு வருஷத்துச் சொல், ஊதினதும் போய்விட்டது. "லெட்சுமி!" என்றார்.

"இருக்கேன்" என்றாள். அந்தக் குரலை நான் இதற்கு முன்னால் கேட்டதில்லை.

அவள் மலைக்கு ஏறும்போது கூடவே கொஞ்ச தூரம் போனேன். அவள் என் கையில் இன்னொரு இஞ்சித் துண்டை வைத்து மூடினாள். "அந்தப் பேரை ரொம்ப நாள் வச்சிக்காத. பழசாகிறதுக்கு முன்னாடி கழட்டி வேற யாருக்காவது குடுத்திடு. என்னை மாதிரி மாட்டிக்கிட்டுத் திரியாத" என்று சொல்லிவிட்டு வரிசைக்குள் போய்விட்டாள்.

இதோ அம்மா மறுபடி முறுக்கு டப்பாவை உள்ளே வைத்துவிட்டாள். இந்த முறை எடுக்கவில்லை. நாளைக்கு அந்த ஹாஸ்டலில் பேர் கேட்பார்கள். அங்கேயும் நாலு லெட்சுமி இருப்பார்கள், எந்த லெட்சுமி என்பார்கள். சொல்ல என்னிடம் ஒரு சொல் இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று இன்னும் தெரியாது. புத்தகத்தில் போடவில்லை என்றுதான் சொன்னேனே. ஒன்று மட்டும் உன்னிடம் கேட்கிறேன், இந்தக் கடிதத்தில் உன்னால் மட்டும் பதில் சொல்ல முடிகிற கேள்வி. நீ பிறந்த அன்றைக்கு அந்தச் சொல் என் கையில் மிச்சம் இருந்ததா? இருந்திருந்தால் உன்மேல்தான் போட்டிருப்பேன். அப்புறம் நீ அதை யாரிடம் கொடுத்தாய்?

இப்படிக்கு,
இன்று வரைக்கும் பாப்பா,
நாளையிலிருந்து புது லெட்சுமி,
எப்போதோ ஒரு நாள் உன் அம்மா